ஃபென்டன் போட்டும் சிஓடி இறங்கவில்லை, ஏரேஷன் டேங்கும் படுத்துவிட்டது

கேள்வி:
மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலையில் இடிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) பார்க்கிறேன். ரியாக்டர் கழுவிய நீர், மதர் லிக்கர் (மருந்தைப் படிகமாகப் பிரித்தபின் மிஞ்சும் கரைசல்) எல்லாம் ஒன்றாக வருவதால் பிஓடி-சிஓடி விகிதம், அதாவது பாக்டீரியா தின்னக்கூடிய கழிவுக்கும் மொத்தக் கழிவுக்கும் உள்ள விகிதம், 0.2-ஐத் தாண்டுவதே இல்லை. அதனால் காற்று ஊதி பாக்டீரியாவைக் கழிவைத் தின்னவைக்கும் ஏரேஷன் டேங்குக்கு முன்னால், இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்துக் கழிவைச் சிதைக்கும் ஃபென்டன் முறையை வைத்தோம். பிஎச் 3-க்கு இறக்கி, ஃபெரஸ் சல்பேட் கரைத்து, பெராக்சைடு விட்டு, இரண்டு மணி நேரம் கலக்கி, கடைசியில் லைம் (சுண்ணாம்பு) போட்டு 7-க்குக் கொண்டுவருகிறோம். நிறம் நன்றாகவே போகிறது. ஆனால் லிட்டருக்கு 9,000 மி.கி. இருந்த சிஓடி 8,600-ல் நிற்கிறது, பெராக்சைடைக் கூட்டினால் 9,400! ஏரேஷனில் நான்கு நாளாக வெள்ளை நுரை, ஜாடியில் எடுத்து அரை மணி நேரம் வைத்தாலும் மேல்நீர் தெளியவில்லை, டிஓ (நீரில் கரைந்த ஆக்சிஜன்) மட்டும் 2-லிருந்து 5-க்கு ஏறிவிட்டது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில் 1:
டிஓ ஏறியது நல்ல செய்தி இல்லை சார், ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள பாக்டீரியா உயிரோடு இல்லை என்று அர்த்தம். மிச்சமாகும் பெராக்சைடு அவற்றைக் கொல்கிறது. அதே பெராக்சைடு, சிஓடி சோதனையில் கழிவை ஆக்சிஜனேற்றப் போடும் டைகுரோமேட்டையும் தின்றுவிடும். ஒரு மி.கி. மிச்சம் இருந்தால் சுமார் 0.47 மி.கி. சிஓடி பொய்யாகக் கூடும். தெளிந்த நீரைக் கண்ணாடி பீக்கரில் பத்து நிமிடம் வையுங்கள், சுவரில் பொடிப்பொடியாகக் குமிழ் ஒட்டிக்கொண்டே வந்தால் சந்தேகப்படுங்கள், அப்புறம் ஸ்டார்ச்-அயோடைடு தாள் நனைத்தால் நீலமாகும். பைசல்ஃபைட் போட்டு மிச்சப் பெராக்சைடைப் போக்கலாம், ஆனால் கூடிப்போனால் அதுவே சிஓடியாகத் தெரியும். நான் என்றால் பிஎச்சை 9-க்கு ஏற்றி, காற்று விட்டு இரவு முழுக்க வைப்பேன், பெராக்சைடு தானே சிதைந்துவிடும்.

இன்னொன்று, நீரில் குளோரைடு எவ்வளவு? அதுவும் டைகுரோமேட்டைத் தின்னும். லிட்டருக்கு 2,000 மி.கி.க்கு மேல் இருந்தால் அதைத் தடுக்கச் சேர்க்கும் வழக்கமான மெர்க்குரிக் சல்பேட் போதாது, நீர்த்துவிட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
தாள் கருநீலமாகிவிட்டது! இரவு வைத்துக் காலையில் பார்த்தேன், தாள் நிறம் மாறவில்லை, சிஓடி 5,100. மிக்க நன்றி.

பதில் 2:
சரி, இப்போது மூலத்தைச் சரிசெய்யுங்கள். மதர் லிக்கரில் உள்ள மெத்தனால், ஐசோபுரோப்பனால் எல்லாம் ஃபென்டனில் பெராக்சைடை வீணாகக் குடிக்கும். அவை பாக்டீரியாவே சுலபமாகத் தின்னக்கூடியவை, அதற்குப் போய் ஏன் பெராக்சைடு? முதலில் ஸ்ட்ரிப்பரில் (கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்கும் கலம்) கரைப்பானைப் பிரித்தெடுங்கள், மிச்சம் இருக்கும் மதர் லிக்கரை மட்டும் ஃபென்டனுக்கு விடுங்கள், கழுவிய நீர் நேராக ஏரேஷனுக்குப் போகட்டும். ஆன்டிபயாடிக் தயாரிக்கும் நாட்களில் மட்டும் கழிவு நீரையும் ஃபென்டன் வழியாகவே விடுங்கள், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மருந்து அப்படியே ஏரேஷனுக்குப் போனால் அங்கே எதிர்ப்புத் திறன் கொண்ட பாக்டீரியாவை நாமே வளர்த்த மாதிரி ஆகிவிடும். பெராக்சைடையும் ஒரே மூச்சில் ஊற்றாமல் நான்கைந்து தவணையாக விடுங்கள். ஏரேஷன் டேங்குக்குப் புது ஸ்லட்ஜ் (பாக்டீரியா நிறைந்த சேறு) போட்டு, வழக்கமான கழிவு லோடில் பத்தில் ஒரு பங்கில் தொடங்குங்கள், பிஓடி-நைட்ரஜன்-பாஸ்பரஸ் விகிதம் 100:5:1 இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பாதி லோடு வரை ஏற்றிவிட்டேன், நுரை அடங்கிவிட்டது. இன்று மைக்ரோஸ்கோப்பில் ஒரு துளி பார்த்தேன், ஸ்லட்ஜ் ஆரோக்கியமாக இருந்தால் தெரியும், காம்பில் நிற்கும் வோர்டிசெல்லா நுண்ணுயிர் இரண்டு சுருங்கிச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தன. ஷிப்ட் ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.