சின்னமனூர் சொந்தங்க குழு: ஜனவரி 26, சாயங்காலம்

கவின் 6:12
எல்லாரும் இருக்கீங்களா? நாளைக்கு அசெம்பிளில நான் பேசணும். ஜனவரி 27, ஹோலோகாஸ்ட் நினைவு நாள், அதாவது ஹிட்லரோட நாசிக் கட்சி ஆட்சி லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்னதை நினைச்சுப் பாக்கற நாள். 1945-ல நாசிகளோட ஆஷ்விட்ஸ் மரண முகாமை விடுவிச்ச நாள். மூணு நிமிஷம்தான். ஆன் ஃபிராங்க் பத்திப் பேச வேற பொண்ணு முந்திக்கிட்டா.

செல்வி பெரியம்மா 6:15
ஈடித் ஹான் பத்திப் பேசு கண்ணு. ஆஸ்திரியாவுல வியன்னாவைச் சேர்ந்த யூதப் பொண்ணு. பரண்ல பதுங்கல, காட்டுல ஒளியல. இன்னொரு பொண்ணு பேரைச் சொல்லிக்கிட்டு ஜெர்மனிக்குள்ளயே ஆஸ்பத்திரில வேலை பாத்து உயிர் பிழைச்சவ. நானும் நர்ஸா இருந்தவங்கறதாலயோ என்னவோ, அவ கதை மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது.

கவின் 6:16
கள்ள ஐடி கார்டா பெரியம்மா?

செல்வி பெரியம்மா 6:21
அசல் ஐடிப்பா. ஆனா அவளோடது இல்ல.
சட்டம் படிச்சுக்கிட்டு இருந்தா. 1938-ல ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடிச்சதும் கடைசிப் பரீட்சை எழுத விடாமத் துரத்திட்டாங்க. அப்புறம் ஜெர்மனில ஒரு பண்ணைக்கு அனுப்பிக் கூலி வேலை, அடுத்து அட்டைப்பெட்டி ஃபேக்டரி. 1942-ல வியன்னா திரும்பறதுக்குள்ள அவங்கம்மாவைக் கிழக்கே ரயிலேத்திட்டாங்க. வர்ற வழியிலயே, யூதர்னு அடையாளம் காட்டச் சட்டையில தைக்க வச்சிருந்த மஞ்சள் நட்சத்திரத்தைப் பிச்சு எடுத்துட்டா.

செல்வி பெரியம்மா 6:23
கிறிஸ்ட்ல் டென்னர்னு ஒரு தோழி. யூதப் பொண்ணு இல்ல. தன்னோட பேப்பரை இவ கையில கொடுத்துட்டு, 'டான்யூப் ஆத்துல விழுந்துடுச்சு'ன்னு போலீஸ்ல சொல்லித் தனக்கு வேற வாங்கிக்கிட்டா. மாட்டியிருந்தா ரெண்டு பேருமே தொலைஞ்சாங்க.

நித்யா அக்கா 6:26
ஒரே பேருல ரெண்டு பேர் இருந்தா ரேஷன் கார்டுல தெரிஞ்சிடுமே அத்தை?

செல்வி பெரியம்மா 6:29
அங்கதான் கவனமா இருந்திருக்கா. துணி வாங்கற கார்டுக்குத்தான் நாடு முழுக்க ஒரே பதிவேடு. அதனால அந்தக் கார்டு பக்கமே போகல. வியன்னாவுலயே ரெண்டு கிறிஸ்ட்ல் இருந்தா ஆபத்துன்னு மியூனிக் போயிட்டா. அந்தப் பேப்பர்ல இருந்த இன்னொரு பேரான கிரேட்டேயை வச்சுக்கிட்டா. அப்புறம் செஞ்சிலுவைச் சங்கத்துல உதவி நர்ஸ்.

மணி மாமா 6:33
அக்கா, அவ கட்டிக்கிட்டது நாசிக் கட்சிக்காரனைத்தானே? எனக்கு அது ஒப்பல. சொந்த ஜனம் அங்க சாகுது, இவ அவனுக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டு இருந்திருக்கா.

செல்வி பெரியம்மா 6:38
மறைச்சுக் கட்டிக்கல மணி. வெர்னர் வெட்டர்னு பேர், விமான ஃபேக்டரில பெயின்ட் அடிக்கிற பிரிவுல இருந்தான். கல்யாணம் பண்ணிக்கலாம்னு அவன் விடாம நின்னப்ப, நான் யூதப் பொண்ணுன்னு சொல்லிட்டா. அவன் காட்டிக் கொடுக்கல. அதுக்காக அவனை நல்லவன்னு நான் சொல்ல வரல. ஆனா அவ வேற எந்தக் கதவைத் தட்டியிருக்கணும், நீ சொல்லு. பெர்லின்ல மட்டும் சுமார் 7,000 யூதர்கள் தலைமறைவானாங்க. தப்பிச்சது சுமார் 1,700 பேர்தான். ஆஸ்திரிய யூதர்கள்ல கொன்னது ஏறக்குறைய 65,000 பேர்.

மணி மாமா 6:41
புரியுதுக்கா. ஆனாலும் நெருடுது.

செல்வி பெரியம்மா 6:42
நெருடட்டும். நெருடாத கதையா இது?

செல்வி பெரியம்மா 6:49
கவின், இதை மட்டும் விட்டுடாத. 1944-ல பிரான்டன்பர்க் ஆஸ்பத்திரில பிரசவம். வலிக்கு மருந்து வேண்டாம்னுட்டா. மயக்கத்துல உண்மையை உளறிடுவோமோன்னு பயம்.
பிரசவ வார்டுல காலம் தள்ளினவ நான். வலி உச்சத்துக்குப் போறப்ப அம்மாவைக் கூப்பிடுவாங்க, சாமியைக் கூப்பிடுவாங்க, புருஷனைத் திட்டித் தீர்ப்பாங்க. வாயில என்ன வருதுன்னு அவங்களுக்கே தெரியாது. அந்த நேரத்துலயும் எந்தப் பேர் வெளிய வரக்கூடாதுன்னு ஒருத்தி நினைவோட இருந்திருக்கான்னா, எனக்கு நெஞ்சு அடைக்குது.

அம்மா 6:51
படிக்கறப்பவே வயித்தைப் பிசையுது அக்கா. குழந்தை நல்லா பிறந்துச்சா?

செல்வி பெரியம்மா 6:54
பிறந்துச்சு. பெண் குழந்தை. யுத்தம் முடிஞ்சதும் ஒளிச்சு வச்சிருந்த தன் சொந்தப் பேப்பரை எடுத்துக் காட்டினா. நாசி கறை படியாத சட்டம் படிச்ச ஆளுங்க அப்ப எங்க கிடைச்சாங்க? அதே ஊர்ல ஜட்ஜ் ஆனா. பட்டாளத்துல சேத்து ரஷ்யக்காரங்க கையில கைதியான வெர்னர் 1947-ல திரும்பினான், அந்த வருஷமே விவாகரத்து. அந்த ஊர் அப்ப ரஷ்யக்காரங்க கையில; அவங்க உளவு சொல்லச் சொல்லி நெருக்கினாங்க, 1948-ல இங்கிலாந்து போயிட்டா. 2009-ல லண்டன்ல காலமானா. அவளோட பேப்பர் எல்லாம் இப்ப வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் மியூசியத்துல இருக்கு.

கவின் 6:57
இவ்வளவும் மூணு நிமிஷத்துல அடங்காது. எதை விடட்டும்?

செல்வி பெரியம்மா 6:59
ஜட்ஜ் ஆனதை ஒரு வரியில சொல்லு. கல்யாணத்தை விட்டுடு. கிறிஸ்ட்லை மட்டும் விடக் கூடாது. இஸ்ரேல்ல இருக்கிற ஹோலோகாஸ்ட் நினைவகமான யாத் வஷேம், யூதர்களைக் காப்பாத்தினவங்க பட்டியல்ல அவ பேரைச் சேர்த்திருக்கு. அதைக் கண்டிப்பா சொல்லு.

நித்யா அக்கா 7:01
கல்யாணத்தை எப்படி அத்தை விடறது? அதை எடுத்துட்டா பேப்பர் கிடைச்சது, பிழைச்சா, அவ்வளவுதான்னு பசங்க நினைச்சுப்பாங்க. எதிரி வீட்டுக்குள்ளயே குடித்தனம் நடத்த வேண்டி வந்துச்சுன்னு தெரிய வேண்டாமா?

மணி மாமா 7:03
நித்யா சொல்றதுதான் சரி. அந்த இடத்துலதான் நானே நின்னு யோசிச்சேன்.

செல்வி பெரியம்மா 7:05
சரி, இருக்கட்டும். ஆனா மூணாவது நிமிஷம் கிறிஸ்ட்லுக்கு.

கவின் 7:06
எழுதிட்டு எட்டு மணிக்குப் பேசிப் பதிவு பண்ணி அனுப்பறேன். யாராவது நேரம் பாத்துச் சொல்லுங்க.