கார் டிரெய்லர் எடுக்கும் முன் கதவோரத்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

புது நாட்டுக்கு வந்து ஒன்றிரண்டு வருடத்தில் பலருக்கும் ஒரு காரை டிரெய்லரில் ஏற்றி இழுக்கும் தேவை வருகிறது. வேறு ஊரில் வேலை கிடைக்கிறது, வீட்டில் இரண்டு கார், தொலைதூரம் ஓட்ட ஒருவர்தான். அல்லது எங்கோ ஓடாத கார் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. "நம்ம எஸ்யூவி 5,000 பவுண்டு இழுக்குமாம், டிரெய்லர் ஒன்று எடுத்தால் போச்சு" என்று கிளம்பிவிடுகிறோம். நானும் அப்படிக் கிளம்பியவன்தான்.

முதலில் அந்த 5,000 பவுண்டுக் கணக்கையே பார்ப்போம். கிலோவில் சுமார் 2,270. கார் ஏற்றும் டிரெய்லர், மேலே ஒன்றும் இல்லாமலே ஏறக்குறைய ஒரு டன் இருக்கும். அதில் 1,400 கிலோ சின்னக் கார் ஒன்றை ஏற்றினால் 2,400. அதாவது, வீட்டில் இருப்பதிலேயே சிறிய காரை ஏற்றியும் அளவு தாண்டிவிட்டது. நடுத்தர எஸ்யூவியில் கார் இழுக்கலாம் என்ற ஆசை பெரும்பாலும் இந்த ஒரு கூட்டலிலேயே முடிந்துவிடும்.

சரி, பெரிய பிக்கப் இருக்கிறது, 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது. அது போதாதா? இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இழுக்கும் திறன் ஒரு கணக்கு, சுமக்கும் திறன் வேறு கணக்கு. அமெரிக்கா, கனடாவில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை எடையைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். அதுதான் பேலோடு. டிரெய்லரின் மூக்கு உங்கள் வண்டியின் ஹிட்ச் (பின்னால் டிரெய்லரை மாட்டும் அமைப்பு) மீது அழுத்துகிற எடையும் (டங் வெயிட் என்பார்கள்) இந்தப் பேலோடில்தான் சேரும்.

ஒரு கணக்கு போடுங்கள். பிக்கப்பின் பேலோடு 650 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காரோடு சேர்த்து டிரெய்லர் 2,500 கிலோ. வட அமெரிக்க வழக்கப்படி அதில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் இறங்க வேண்டும். 12 என்று எடுத்தால் 300 கிலோ. வண்டிக்குள் நான்கு பேர், 280 கிலோ. பெட்டிகள், ஜாக்கி, ஸ்ட்ராப், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 80. மொத்தம் 660. இழுக்கும் திறனில் இன்னும் ஒரு டன் மிச்சம் இருக்கிறது, பேலோடோ தாண்டிவிட்டது. பின்பக்கம் தாழ்ந்து, முன் சக்கரத்தின் பிடி குறைந்து, ஸ்டியரிங் லேசாகிவிடும். குடும்பத்தை வேறு காரில் அனுப்பினால் இதே பிக்கப் போதும். இந்தத் தீர்வு யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை!

ஹிட்ச்சுக்கும், அதில் டிரெய்லரின் மூக்கு உட்காரும் உருண்டையான ஹிட்ச் பாலுக்கும் (ball) தனித்தனியே எடை அளவு உண்டு. வண்டி, ஹிட்ச், பால், டிரெய்லர் நான்கில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

இனி டிரெய்லர். அதன் தகட்டில் இருக்கும் ஜிவிடபிள்யூஆர் என்பது டிரெய்லரும் சுமையும் சேர்ந்த உச்ச எடை. சுமை மட்டும் என்று படித்துவிடாதீர்கள். பரவலாகக் கிடைப்பது 3,500 பவுண்டு ஆக்சில் இரண்டு போட்ட 7,000 பவுண்டு டிரெய்லர், அதாவது 3,175 கிலோ. திறந்த இரும்பு டிரெய்லர் என்றால் சொந்த எடை ஒரு டன்னைக் கழித்து சுமார் 2,150 கிலோ ஏற்றலாம். நான்கு பக்கமும் மூடியது என்றால் சொந்த எடையே 1,600 கிலோவைத் தொடும், மிச்சம் 1,500 சொச்சம். அழகாகப் பூட்டி வைக்கலாம் என்று மூடிய டிரெய்லரை வாங்கி, 1,800 கிலோ மின்சாரக் காரை அதில் ஏற்ற முடியாமல் நிற்பவர்கள் உண்டு. கார் உள்ளே போகும், எடைதான் போகாது. என்னைக் கேட்டால் வருடத்துக்கு ஓரிரு முறை இழுப்பவருக்குத் திறந்ததே போதும். மூடியதில் பக்கக் காற்று வேறு படுத்தும். அலுமினியம் எடையில் மிச்சம் தரும், விலையில் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

முன் சக்கரங்களை மட்டும் தூக்கி வைக்கும் டாலி முன்சக்கர இழுவைக் கார்களுக்குச் சரி. நான்கு சக்கரமும் இழுக்கும் காரை அதில் போட்டால் கியர்பாக்ஸுக்குச் செலவு வைத்துவிடும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரணக் கார் உரிமத்தோடு 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர் இழுத்தால், பொதுவாக வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. பார்ப்பது அன்றைக்கு ஏற்றிய எடையை அல்ல, தகட்டில் உள்ள அனுமதி எடையை. கார் டிரெய்லர் என்றாலே அநேகமாக பிஇ (BE) என்ற தனி டிரெய்லர் உரிமம் வரைக்கும் போய்விடும். பிரிட்டனில் 2021 டிசம்பர் 16 முதல் சாதாரணக் கார் உரிமத்திலேயே 3,500 கிலோ டிரெய்லர் வரை இழுக்கலாம். ஆஸ்திரேலியாவில் 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் வேண்டும், 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும், டிரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். அமெரிக்காவில் பிரேக் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. விதி என்னவாக இருந்தாலும் கார் ஏற்றும் டிரெய்லரைப் பிரேக் இல்லாமல் நான் தொட மாட்டேன். பழைய நாட்டு உரிமத்தை மாற்றி வாங்கியவர்கள் அட்டையில் எந்தெந்தப் பிரிவு இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

இப்போது என் கதை. ஓடாத கார் ஒன்றை வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) போட்டு ஏற்றினோம். அது நின்றிருந்த வாக்கில் பின்பக்கமாக இழுப்பதுதான் எளிதாக இருந்தது, அப்படியே ஏற்றிவிட்டோம். இன்ஜின் டிரெய்லரின் வால் பக்கம் போய்விட்டது என்பது அப்போது உறைக்கவில்லை. நகருக்குள் ஒன்றும் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் இறக்கம் ஒன்றில் வேகம் பிடித்ததும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. முதலில் லேசாக, அப்புறம் என் வண்டியையே பக்கவாட்டில் தள்ளும் அளவுக்கு. பயத்தில் வண்டியின் பிரேக்கை மிதித்தேன், ஆட்டம் கூடியது. செய்திருக்க வேண்டியது வேறு: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஓட்டுநர் கைக்கு எட்டும் பிரேக் கன்ட்ரோலரில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்துவது. எப்படியோ ஓரம் கட்டினோம். பின்பாரம் கூடி மூக்கு லேசானால் இப்படித்தான் ஆடும். அரை மணி நேரம் போராடி காரைத் திருப்பி ஏற்றிய பிறகு அதே டிரெய்லர் பசு மாதிரி வந்தது.

அதனால் ஏற்றும்போது காரை ஒரு முழம் முன்னே பின்னே நகர்த்திப் பார்க்கச் சோம்பல்படாதீர்கள். அந்த ஒரு முழத்தில் டங் வெயிட் நிறையவே மாறும். முதல் பயணத்துக்கு முன் எடைமேடைக்குப் போய்விடுங்கள். லாரிகள் நிற்கும் இடங்களில் பொது எடைமேடை இருக்கும். ஆட்களும் சாமானும் வண்டிக்குள் இருக்க, டிரெய்லர் மாட்டி ஒருமுறை, கழற்றி வண்டியை மட்டும் ஒருமுறை நிறுத்துங்கள். மாட்டிய நிலையில் வண்டியின் இரண்டு ஆக்சிலிலும் கூடியிருக்கும் எடைதான் டங் வெயிட். கணக்கில் நாம் விட்டது எதுவோ, அது அங்கே தெரிந்துவிடும்.

பழைய டிரெய்லர் வாங்கினால் டயரின் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், நின்றே கெட்டுப்போகும் டயர்கள் அவை. டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. டிரெய்லர் டயர்கள் பலவற்றுக்கு வேக வரம்பே மணிக்கு 65 மைல்தான், சாலைப் பலகையில் 75 என்று போட்டிருந்தாலும்.

காரின் நான்கு மூலையிலும் தனித்தனி ஸ்ட்ராப் போடுங்கள், டிரெய்லரின் பாதுகாப்புச் செயின்களை கப்ளருக்கு (ஹிட்ச் பாலைப் பிடிக்கும் மூக்கு) அடியில் குறுக்காக மாட்டுங்கள். கிளம்பி இருபது கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்துங்கள். ஸ்ட்ராப் கட்டாயம் தளர்ந்திருக்கும். அப்படியே டிரெய்லரின் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் போயிருக்கலாம், அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அங்கேயே நின்று யாரையாவது கூப்பிடுங்கள்.