சாலையோர வரலாற்றுப் பலகை: பழசைச் சரிசெய்யவும் புதுசு நடவும் யோசனை வேண்டும்

கேள்வி
சின்னக் கிராமம். சாலை ஓரத்தில் வார்ப்பு அலுமினியத்தில் செய்த பழைய வரலாற்றுப் பலகை ஒன்று நிற்கிறது. பெயின்ட் உரிந்துவிட்டது, கம்பம் சாய்ந்திருக்கிறது, போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. இதைச் சரிசெய்ய வேண்டும். இடிந்துபோன பழைய பள்ளிக்கூடம் இருந்த இடத்தைக் குறிக்கப் புதிதாக இன்னொன்றும் வைக்க வேண்டும். வாசகத்தை எவ்வளவு நீளமாக எழுதலாம்?

பதில் 1
வாசகத்தை முடிவு பண்ணாமல் வார்ப்புக்குக் கொடுக்காதீர்கள். உலோகத்தில் ஏறிய தப்பை அழித்து எழுத முடியாது.

எழுத்தின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. 25 மி.மீ. உயர எழுத்து சுமார் 9 மீட்டர் வரை தெரியும். தலைப்பு 50 மி.மீ. என்றால் 18 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அந்தத் தூரத்தை ஒரு நொடி சொச்சத்தில் கடந்துவிடும். ஆக, ஓட்டுகிறவருக்குத் தலைப்பு மட்டும்தான். மற்றதெல்லாம் இறங்கி நின்று படிப்பவருக்கு. அதுவும் 100 சொல்லுக்குள் இருக்கட்டும். வண்டியை ஓரங்கட்ட இடமில்லாத வளைவில் பலகை வைப்பது வீண், ஆபத்தும்கூட.

"முதல்", "மிகப் பழமையான" என்ற சொற்களைத் தொடாதீர்கள். நாளைக்கே அதைவிடப் பழைய ஆவணம் ஒன்று கிடைத்தால் பலகை பொய்யாகிவிடும். ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு ஆதாரங்கள் வேண்டும். பத்திரப் பதிவு, பள்ளி வருகைப் பதிவேடு மாதிரி. அவற்றின் நகலைத் தனிக் கோப்பில் வையுங்கள்.

பதில் 2
அந்த வெள்ளைப் பொடி அலுமினிய அரிப்பு. அலுமினியமும் இரும்பு போல்ட்டும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டு, இரண்டு பக்கமும் நைலான் வாஷர், துளைக்குள் நைலான் குழாய் கொடுங்கள். இரண்டு உலோகமும் எங்கேயும் நேரடியாகத் தொடக் கூடாது.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். முதலில் சோதியுங்கள். இருந்தால் உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம், அந்தத் தூசி நஞ்சு. மணல் பீய்ச்சினால் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். இரும்புக் கம்பி பிரஷ் இன்னும் மோசம்: அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, பெயின்டுக்கு அடியில் துருப்புள்ளியாகக் கிளம்பும். மென்மையான நைலான் பிரஷும் காரமும் அமிலமும் இல்லாத நடுநிலைச் சோப்பும் போதும்.

நன்றாகக் காய்ந்ததும் அலுமினியத்துக்கான பிரைமர், அதன்மேல் பின்புல நிறம் இரண்டு பூச்சு. எழுத்துக்குத் தூரிகை வேண்டாம். அடர்த்தியான சின்ன ஸ்பாஞ்ச் உருளையில் பெயின்டைத் தொட்டு, தட்டையான பலகையில் உருட்டி முக்கால்வாசியை எடுத்துவிட்டு, புடைத்த எழுத்தின் தலையில் மட்டும் லேசாக ஓட்டுங்கள். அழுத்தினால் பள்ளத்தில் வழியும்.

பதில் 3
கம்பம் சாய்வதற்குப் பெரும்பாலும் ஆழம் போதாததுதான் காரணம். 30 செ.மீ. அகலம், 90 செ.மீ. ஆழம் தோண்டி, அடியில் 15 செ.மீ. ஜல்லி போடுங்கள். நிலம் உறையும் குளிர்ப் பகுதியாக இருந்தால் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே போக வேண்டும், இல்லையேல் உறைந்து உப்பும் மண் கம்பத்தை மேலே தள்ளும். கான்கிரீட்டின் தலையைத் தரைக்குச் சற்று மேலே கொண்டுவந்து வெளிப்பக்கம் சரித்து விடுங்கள். குழியாக விட்டால் தண்ணீர் தேங்கிக் கம்பம் தரைமட்டத்தில் அறுந்துவிடும். ஒரு வாரம் கழித்துப் பலகையை ஏற்றலாம்.

தோண்டுவதற்கு முன் சாலைத் துறையின் அனுமதியும், அடியில் போகும் குழாய், கேபிள் விவரமும் கையில் இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடப் பலகைக்கு ஒன்று: "இங்கே" என்று எழுதாதீர்கள். லண்டனில் கவிஞர் பைரனுக்கு 1867-இல் வைத்த நினைவுப் பலகை, 1889-இல் அந்த வீட்டை இடித்தபோது வீட்டோடு போயிற்று. உங்களுக்குக் கட்டடமே இல்லை, பலகைதான் இனி அடையாளம். சாலையை அகலப்படுத்தும்போது அதையும் பிடுங்கித் தள்ளி நடுவார்கள், "இங்கே" என்பது வேறு இடமாகிவிடும். நகராத ஒன்றை, பாலத்தையோ கிணற்றையோ வைத்து, "பாலத்துக்கு வடக்கே 40 மீட்டர்" என்ற மாதிரி வாசகத்துக்குள்ளேயே சொல்லுங்கள். அட்ச, தீர்க்க ரேகை எண்களைப் பதில் 1 சொன்ன கோப்பில் சேர்த்துவிடுங்கள்.