நினைவு தப்பியவருக்கு முக்தி உண்டா?

நந்தியாவட்டை (கேள்வி):
என் அத்தைக்கு எண்பதை நெருங்கும் வயது. ரொம்ப வருஷமாக ஒரே ஆசை: காசியில் உயிர் போக வேண்டும், இன்னொரு பிறவி கூடாது. "நினைத்தாலே முக்தி தரும் திருவண்ணாமலை இங்கேயே இருக்கே, காசி எதுக்கு?" என்று சீண்டுவேன். "நினைச்சுப் பாரு, அப்புறம் தெரியும் எது கிட்ட, எது தூரம்னு" என்பார். இப்போது மறதி நோய். சில நாள் என்னை என் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கடைசி நேரத்தில் எதை நினைக்கிறோமோ அதையே அடைவோம் என்கிறது கீதையின் எட்டாம் அத்தியாயம். நினைக்கவே முடியாதவர் என்ன செய்வார்? ஆயுசு முழுக்கச் செய்த பூஜை கணக்கில் வராதா? காசிக்குக் கூட்டிப் போகலாமா?

அரங்கத்தடியேன்:
இந்தப் பயம் பெரியாழ்வாருக்கே இருந்திருக்கிறது. எய்ப்பு (தளர்ச்சி) வந்து நலியும்போது உன்னை நினைக்க மாட்டேன், அதனால் 'அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்' என்று அரங்கனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். வராக அவதாரத்தில் பெருமாள் வாக்குக் கொடுத்த வராக சரம சுலோகமும் இதைத்தான் பேசுகிறது. உடம்பும் மனசும் நன்றாக இருந்தபோது என்னை நினைத்தவன் கடைசியில் கட்டையாக, கல்லாகக் கிடந்தாலும் அவனை நான் நினைத்துக்கொள்கிறேன், நானே அழைத்துப் போகிறேன் என்று பூமிப்பிராட்டியிடம் பெருமாள் சொல்கிறார். சரணாகதி செய்தவருக்கு அந்திம நினைவு என்ற நிபந்தனையே எங்கள் வைணவ சம்பிரதாயத்தில் கிடையாது.

வெட்டவெளி:
முக்தி செத்தபின் போய்ச் சேரும் ஊர் இல்லை. ஞானம் வந்தால் இங்கேயே, இந்த உடம்பிலேயே. வருவதற்குள் மறதி முந்திக்கொண்டால்? விட்ட இடத்திலிருந்து அடுத்த பிறவியில் தொடரலாம் என்பதுதான் பதில். உங்கள் அத்தைக்கு அது பிடிக்காது, தெரியும். ஆனால் 1922-இல் தாயார் அழகம்மாளின் உயிர் பிரியும்வரை ரமணர் ஒரு கையை மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருப்பவரால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஓதுவார் வீட்டு மருமகள்:
என் மாமனாருக்கும் இதே நோய்தான். கடைசி வருஷத்தில் சாப்பிட்டது நினைவிருக்காது, என்னைப் பார்த்து "யாரும்மா நீ" என்பார். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து 'நற்றவா உனை நான் மறக்கினும்' என்று நிறுத்துவேன். கண்ணைத் திறக்காமலே 'சொல்லும் நா நமச்சிவாயவே' என்று முடிப்பார், பண் பிசகாமல். சுந்தரர் கொடுமுடியில் பாடியது. நான் மறந்தாலும் நாக்கு சொல்லும் என்கிறார். மாமனார் கரையேறிவிட்டாரா என்று என்னைக் கேட்காதீர்கள், ஆனால் அந்த வரி சும்மா எழுதப்படவில்லை என்று பார்த்துவிட்டேன்.

காசியில் சாகிறவர் காதில் சிவனே பிறவிக்கடலைத் தாண்டவைக்கும் தாரக மந்திரம் ஓதுகிறான் என்பது நம்பிக்கை. காதைக் கேட்கிறதே தவிர, ஞாபகசக்தியைக் கேட்கவில்லை. இருந்தாலும் பழகின வீட்டிலேயே வழி தடுமாறுகிறவரை ரயிலேற்றி அந்தச் சந்துகளில் நடத்தாதீர்கள், மிரண்டுபோவார். கங்கைத் தீர்த்தம் இங்கேயே கொடுக்கலாம். முதலில் அத்தைக்கு எந்தப் பாட்டு மனப்பாடம் என்று கண்டுபிடியுங்கள். தள்ளிப்போட வேண்டாம், வரிகள் ஒவ்வொன்றாக நழுவும்.

நந்தியாவட்டை:
கந்தர் அனுபூதி என்று நினைக்கிறேன், முனகலாகத்தான் வருகிறது. நாளைக்கு முதல் அடி எடுத்துக் கொடுத்துப் பார்க்கிறேன். கங்கைச் செம்பும் இருக்கிறது, ஆனால் வாயை ஈயத்தால் அடைத்திருக்கிறார்கள். எப்படித் திறப்பது?

ஓதுவார் வீட்டு மருமகள்:
ஆணியால் மேலே சின்னத் துளை போட்டால் போதும். இப்போதே திறக்க வேண்டாம்.