பெக்ட்லர் தங்க டாலர்: ஆண்டு இல்லை, அசல்தானா?

கேள்வி: அமெரிக்காவின் வட கரோலினாவில் பெக்ட்லர் குடும்பம் 19-ஆம் நூற்றாண்டில் தனியாராக அடித்த 1 டாலர் தங்கக் காசு விலைக்கு வந்திருக்கிறது. ஆண்டே காணோம், '27 ஜி', '21 சி' என்றிருக்கிறது. வாங்கலாமா?

பதில் 1: பெக்ட்லர் டாலர்களில் ஆண்டு இருக்காது. '27 ஜி' என்பது 27 கிரெயின் (பழைய எடை அளவு) எடை, '21 சி' என்பது 21 காரட் தரம். தேயாத காசு 1.75 கிராம் நிற்கும்.

பதில் 2: எடை மட்டும் போதாதுங்க. மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்துப் பாருங்கள். தங்கம் அடர்த்தி மிகுந்தது என்பதால் எடை சுமார் 0.10 கிராம்தான் குறைய வேண்டும், அதே எடையுள்ள பித்தளையானால் 0.20 குறையும். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் பித்தளையைப் பிரித்தறியலாம், துல்லியமாகப் பார்க்க 0.001 கிராம் வரை காட்டுவது வேண்டும். காற்றுக்குமிழி ஒட்டினால் கணக்கே கெட்டுவிடும்.

பதில் 3: விளிம்பையும் லென்ஸில் பாருங்கள். நகையில் கோத்த காசில் பற்றவைத்த தழும்பு இருக்கும். அசலானாலும் விலை இறங்கும், பேரம் பேசுங்கள்.

கேட்டவர்: நல்ல தராசு கிடைக்கும்வரை முன்பணம் கொடுக்கப்போவதில்லை.