சிமெண்ட் பலகை அறுக்க எந்த பிளேடு?

சுங்கை சிப்புட் வாசி:
தோட்டத்து வீட்டின் பின்பக்கச் சுவருக்கு 8 மி.மீ. ஃபைபர் சிமெண்ட் பலகை அடிக்கிறோம். மொத்தம் 60 பலகை. கையில் இருப்பது 7¼ அங்குல சர்குலர் சா, அதில் மரத்துக்கான 24 பல் பிளேடு. சில பலகைகளிலேயே பல் மழுங்கி, புகை வருகிறது. கிரைண்டரில் டைல்ஸ் டிஸ்க் போட்டு அறுத்தால் போதும் என்கிறார்கள். சரியா அண்ணே?

தச்சுப் பட்டறை:
அறுக்கும், ஆனால் வேண்டாம் தம்பி. அந்த டிஸ்க்குக்குப் பல் கிடையாது, தேய்த்துத்தான் வெட்டும். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று ஓடும். பலகை மாவாகப் பறக்கும். அந்த மாவில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் தழும்பு விழுந்தால் எந்த மருந்தாலும் ஆறாது.

60 பலகைக்கு பிசிடி (செயற்கை வைரத் துகளால் ஆன) பல் வைத்த பிளேடு வாங்குங்கள். 7¼ அங்குலத்தில் 4 பல்தான் இருக்கும், அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பல் குறைந்தால் ஒவ்வொன்றும் பெரிதாகக் கடிக்கும். பொடி பருமனாகும், சூடும் குறையும். நடுத்துளை 20 மி.மீ.யா, 15.88 மி.மீ.யா என்று மெஷினில் பார்த்துவிட்டுப் போங்கள். பிசிடி கடினமானது, ஆனால் நொறுங்கும். ஓர் ஆணியில் பட்டாலே பல் உடைந்துவிடும். பல் உள்ள பிளேடைக் கிரைண்டரில் மாட்டவே கூடாது. துள்ளிவந்து கையை வெட்டும்.

கிந்தா ஆசாரி:
பிளேடு சரியாக இருந்தும் ஓரம் சிதறினால், பலகையை வைத்த விதம் தவறு. கையில் பிடிக்கும் சர்குலர் சாவின் பல் கீழிருந்து மேலே வரும், மேல்பக்கம்தான் பெயரும். அதனால் முகப்பைக் கீழே போட்டு, பின்பக்கத்தில் கோடு கிழித்து அறுங்கள். மேலிருந்து இறக்கி வெட்டும் மைட்டர் சாவில் நேர் எதிர், முகப்பு மேலே. பல் பலகைக்குக் கீழே 6 மி.மீ. நீட்டினால் போதும். வெட்டி விழும் துண்டுக்கும் முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் கடைசி ஓர் அங்குலம் முறிந்துவிடும். ஜன்னல் மூலைக்கு ஜிக்சாவில் கார்பைடு பிளேடு போதும்.

சுங்கை சிப்புட் வாசி:
நன்றி அண்ணே. தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுத்தால் தூசி அடங்காதா?

தச்சுப் பட்டறை:
சாதாரண கரண்ட் மெஷினில் வேண்டவே வேண்டாம், ஷாக் அடிக்கும். சேறும் முகப்பில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அஞ்சடியில் (வீட்டை ஒட்டிய கூரையிட்ட நடையில்) வைத்து அறுக்காதீர்கள், தூசி வீட்டுக்குள் போகும். வெட்டவெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடிக்கும்படி நில்லுங்கள். துணி மாஸ்க் உதவாது, குறைந்தது என்95 வேண்டும். தரையை உலர்ந்தபடி கூட்டாமல் நனைத்து அள்ளுங்கள். மழையில் நனைந்த பலகை என்றால் காயவிட்டு அறுங்கள், ஈரத்தில் ஓரம் பிய்யும்.

கிந்தா ஆசாரி:
வெட்டிய ஓரத்துக்குப் பொருத்துவதற்கு முன்பே பிரைமர் அடித்துவிடுங்கள், பிறகு தூரிகை எட்டாது. இன்னொன்று: பழைய லயத்து வீட்டின் கூரைத் தகடு, சுவர்த் தகடு எதையும் இந்த பிளேடால் தொடாதீர்கள். அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அறுக்காமல், உடைக்காமல் முழுத் தகடாக இறக்குவதற்கு அதில் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள்.