சிலிப் வந்தது, காசு வரவில்லை

இரண்டு வருடமாக வீட்டில் பருத்தித்துறை வடையும் (தட்டை மாதிரி மொறுமொறுப்பானது) வறுத்த மிளகாய்த்தூளும் செய்து கூரியரில் அனுப்புகிறேன். காசு எப்படி வாங்குவது என்று தொடக்கத்தில் யோசிக்கவே இல்லை. வட்ஸ்அப்பில் கணக்கு இலக்கத்தைக் கொடுப்பேன், ஆட்கள் காசைப் போட்டுவிட்டு சிலிப்பை, அதாவது காசு போட்ட ரசீதை, படம் எடுத்து அனுப்புவார்கள், நானும் உடனே பார்சல் கட்டிவிடுவேன்.

ஒரு வெள்ளி பின்னேரம் வெள்ளவத்தையில் இருந்து ஒரு அண்ணை ஐந்து கிலோ தூளுக்குச் சொன்னார். சிலிப் வந்தது, அனுப்பிவிட்டேன். சனி, ஞாயிறு கணக்கில் ஒன்றும் இல்லை. ஏமாற்றிப்போட்டான் என்று நினைத்து, கோபத்தில் வாய்க்கு வந்தபடி ஒரு வொய்ஸ் மெசேஜும் போட்டேன் (இப்ப நினைத்தாலும் வெட்கம்). திங்கள் காசு வந்து விழுந்தது! வங்கியில் வேலை செய்கிற மச்சாள்தான் விளங்கப்படுத்தினா: ஆப்பில் காசு மாற்றும்போது செஃப்ட்ஸ் (CEFTS), சிலிப்ஸ் (SLIPS) என்று இரண்டு வழி இருக்குமாம். 2015இல் வந்த செஃப்ட்ஸில் லீவு நாளிலும் உடனே விழும், சிலிப்ஸ் வங்கி வேலைநாளில் தொகுதி தொகுதியாகத்தான் போகும். அண்ணை அமத்தினது சிலிப்ஸ்.

அதனால் அடுத்த முறை பொறுமையாக இருந்தேன் பாருங்கோ, அந்த முறைதான் உண்மையான கள்ளன் வந்தான். அவன் அனுப்பின சிலிப்பில் திகதியை மாற்றியிருந்தான்: திகதி எழுத்து மட்டும் மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு, அதைக் கவனித்தது பார்சல் போய் நாலாம் நாள். 4,800 ரூபா.

கூரியர்காரர் கையில் காசு வாங்கித் தருகிற முறையும் பார்த்தேன். இரண்டு பார்சல் திரும்பி வந்தது, வடை முழுக்க நொருங்கி. அது எனக்குச் சரிவராது.

இப்ப தெரியாத ஆட்களுக்கு பேஹியர் லிங்க்தான், அதை அமத்தி கார்ட்டால் காசு கட்டலாம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தத் துண்டைக் கொடுத்துத்தான் எடுத்தேன். நூறு ரூபாவுக்கு மூன்று ரூபா அளவில் கழிபடும், காசு கணக்குக்கு வரவும் சில நாள் ஆகும். தூளுக்கு அது தாங்கும், வடைக்குக் கையைக் கடிக்கும், ஆனபடியால் வடை விலையில் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். பழகின ஆட்கள் பழையபடி வங்கிக் கணக்குக்குத்தான், ஆனால் சிலிப்பைப் பார்ப்பதில்லை, என் ஆப்பில் காசு தெரிந்தால்தான் பெட்டியை ஒட்டுவேன்.

கனடா ஆட்கள் பேபால் இருக்கா என்று கேட்கிறார்கள். நான் விசாரித்தபோது இலங்கைப் பேபால் கணக்கால் காசு கட்டலாம், வாங்க முடியாது என்றார்கள். ஸ்கார்பரோவில் இருக்கிற அக்காவின் கணக்குக்குப் போடச் சொல்கிறேன். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பதில் 1

அக்கா, நான் சாறி விற்கிறேன், அந்த ஸ்கார்பரோ வழியை நானும் செய்தேன். உறவுக்குள் கணக்குக் கேட்கக் கூச்சம், கடைசியில் யார் எந்தச் சாறிக்கு அனுப்பினது என்றே தெரியாமல் போச்சு. அங்கே கணக்கு வைத்திருக்கிற ஆளுக்கு வரிக் கேள்வி வந்தாலும் சிக்கல். பேமெண்ட் லிங்கில் வெளிநாட்டு கார்ட்டும் எடுபடும், கழிவு போனாலும் பரவாயில்லை.

பதில் 2

யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் சின்னக் கடை, லங்காகியூஆர் (போனால் ஸ்கான் பண்ணிக் காசு கட்டுகிற குறியீடு) வைத்திருக்கிறேன். ஆட்கள் போனை நீட்டி ‘போயிட்டுது’ என்பார்கள். எனக்கு எஸ்எம்எஸ் வராமல் பையைக் கொடுப்பதில்லை. ஒருநாள் பின்னால் ஆறு பேர் நிற்க, சிக்னல் இல்லாமல் போனைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஓடினேன்.